ஒன்பதாம் கட்டிலின் சத்தம்

பொன்னுத்தங்கத்தின் நெஞ்சுக்குள் ஒரு சத்தம் இருப்பதைக் கண்டுபிடித்த அன்று சொர்ணக்கிளி மருத்துவக் கல்லூரியில் கேசரி கிண்டினார்கள். சும்மா பேச்சுக்குச் சொல்வதல்ல. முந்திரி போட்ட கேசரி, கல்லூரி கேண்டீனில், இரண்டு சட்டி.

அவளோ மூச்சுவிட முடியாமல் வந்தவள். எம். புதுப்பட்டிக்காரி, வயது முப்பத்து நாலு, பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை. இரண்டு வருடமாகவே நடந்தால் இளைப்பு, குனிந்தால் இளைப்பு. எட்டாவது படிக்கிற மகள் மாரிசெல்விக்குத் தலை வாரிப் பின்னல் போட்டு முடிப்பதற்குள் நடுவில் ஒருதரம் உட்கார வேண்டியிருந்தது. மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கினாள். ஒருநாள் காலையில் கம்பெனி வேனில் ஏறக் காலைத் தூக்கியபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த வேனை ஓட்டுகிறவன் அவள் புருஷன் ஊர்க்காவலன்தான். ஆட்களைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்ட கையோடு வேனைத் திருப்பி சாத்தூர் ரோட்டுக்கு விட்டான். அங்கேதான் சொர்ணக்கிளி இருந்தது.

நாலு மாடிக் கட்டடம். வாசலில் சிமெண்டில் ஒரு பச்சைக்கிளி, ஆள் உயரத்துக்கு மேலே. திறந்து ஐந்து வருடம் ஆகிறது. முதல் பேட்ச் மாணவர்கள் நாற்பது பேர் அந்த வருடம், அதாவது 2007இல், கடைசிப் பரீட்சை எழுதியாக வேண்டும். டாக்டர்கள் இருந்தார்கள், மாணவர்கள் இருந்தார்கள், குளுகுளுவென்று ஏசி இருந்தது. நோயாளிகளில்தான் தரம் போதவில்லை. வருகிறவர்கள் எல்லாம் இருமல், காய்ச்சல், கால் சுளுக்கு என்று மிகச் சாதாரணமான ஆட்களாக இருந்தார்கள். பரீட்சையில் வைக்கத் தகுந்த ஒரு நெஞ்சு அந்த வட்டாரத்தில் கிடைக்கவில்லையே என்று துறைத் தலைவர் டாக்டர் நல்லசிவம் கவலையில் இளைத்துக்கூடப் போனார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர் நல்ல கனத்த உடம்பு.

பணியில் இருந்த சின்ன டாக்டர் பொன்னுத்தங்கத்தின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். எடுத்தார். குழாயை ஒருதரம் உதறிவிட்டு மறுபடி வைத்தார். பிறகு, "அசையாதீங்கம்மா, அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினார்.

"ஏ புள்ள, டாக்டரே ஓடுறாரே!" என்று பதறினான் ஊர்க்காவலன்.

சின்ன டாக்டர் நல்லசிவத்தோடு திரும்பி வந்தார். நல்லசிவம் அவளை இடப்பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொன்னார். மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஆள் குழாயை எடுப்பதாகவே இல்லை. நிறுத்திய மூச்சைத் திரும்ப இழுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பொன்னுத்தங்கம் தவித்துப்போனாள்.

"ஆகா!" என்றார் நல்லசிவம். "என்ன ஒரு உறுமல்! நாற்பது பேரையும் வரச் சொல்லுங்க. கேண்டீன்ல ஏதாவது இனிப்புப் பண்ணச் சொல்லுங்க."

பிறகு அவளுக்கும் விளக்கம் சொன்னார். அதையும் குறை சொல்ல முடியாது, நன்றாகவே சொன்னார். சின்ன வயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சலில் இருதயத்துக்குள் இருக்கிற ஒரு கதவு தழும்பேறிச் சுருங்கிவிட்டது. ரத்தம் அந்தச் சந்துக்குள்ளே நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது உறுமுகிறது. அதனால்தான் இளைப்பு. தொடை வழியாக ஒரு பலூனை அனுப்பி ஊதினால் கதவு திறந்துகொள்ளும். மதுரையிலிருந்து அதற்கென்றே ஒரு டாக்டர் வியாழக்கிழமைதோறும் வருகிறார். ஒரு மணி நேர வேலை.

"எப்பய்யா ஊதுவீக?" என்றாள் பொன்னுத்தங்கம்.

"ஊதிருவோம்மா. அதுக்கென்ன? முதல்ல பரீட்சை முடியட்டும்."

ரத்தம் எடுத்துப் பார்ப்பதைச் சொல்கிறார் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். இருதய வார்டில் ஒன்பதாம் கட்டில் கொடுத்தார்கள். சாப்பாடு இலவசம், கட்டில் இலவசம், தலைமாட்டில் தனி மின்விசிறி. ஊர்க்காவலன் சொர்ணக்கிளியைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனான்.

வார்டில் அவளைப் போல இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். எட்டாம் கட்டிலில் பீவி ஜான், விருதுநகரில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்கிற குடும்பம். அவளுக்கு வேறொரு கதவு சரியாக மூடவில்லை. கழுத்து நரம்பு வெளியே தெரிகிற மாதிரி திடும் திடும் என்று துள்ளும். பத்தாம் கட்டிலில் கோட்டைச்சாமி, ஏழாயிரம்பண்ணைக்காரர், கால் இரண்டும் வீங்கி, அமுக்கினால் குழி விழும். பீவி ஜான் நாலு மாதமாக இருக்கிறாள். கோட்டைச்சாமி எத்தனை மாதம் என்பதை அவரே மறந்துபோனார்.

"நீ என்ன சத்தம்?" என்று பீவி ஜான் முதல் நாளே விசாரித்தாள்.

"உறுமலாம் க்கா."

"யா அல்லா, உறுமலா! உன்னைய லேசுல விட மாட்டாக."

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாற்பது பேரும் வந்து சேர்ந்தார்கள். அங்கே ஒரு நெஞ்சைப் பார்ப்பதற்கு முறை இருந்தது. எடுத்த எடுப்பில் நெஞ்சில் கை வைத்துவிட முடியாது. நோயாளிக்கு வலப்பக்கம்தான் நிற்க வேண்டும். இடப்பக்கம் நின்ற ஒரு மாணவனை நல்லசிவம் ஒரு வாரம் வார்டுக்குள்ளேயே விடவில்லை. முதலில் கை. கையில் முதலில் நகம். நகத்தின் நிறம், நகத்தின் வளைவு. பிறகு மணிக்கட்டில் நாடி, இரண்டு மணிக்கட்டிலும் ஒரே நேரத்தில் நாடி, அப்புறம் ரத்த அழுத்தம், கண், நாக்கு, கழுத்து நரம்பு. கழுத்து நரம்புக்கு நோயாளி நாற்பத்தைந்து பாகையில் சாய்ந்திருக்க வேண்டும். அதைச் சரிபார்க்க ஒரு மாணவி வடிவியல் பெட்டியிலிருந்து கோணமானி கொண்டுவந்தாள், பாராட்டுக் கிடைத்தது. அதற்கப்புறம் கட்டிலின் கால்மாட்டில் முட்டி போட்டு நெஞ்சைக் கண்ணால் பார்க்க வேண்டும். விலா எலும்பை எண்ணி, துடிக்கிற இடத்தில் விரலை வைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்டெதஸ்கோப்பு. ஒரு படி முடியாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது.

முதல் மாணவன் முதல் படியிலேயே மாட்டிக்கொண்டான். "சார், நகம் நீலமா இருக்கு."

"நீலமா?" நல்லசிவம் குனிந்தார். "நீலம் இல்லையே. சாம்பல் மாதிரி..."

"அது வெள்ளிப்பொடிய்யா," என்றாள் பொன்னுத்தங்கம். "பத்து வருசமா பட்டாசுல கெடக்கேன். என்ன போட்டுத் தேச்சாலும் போக மாட்டேங்கு."

"நோயாளி நடுவில் பேசக்கூடாது," என்றார் நல்லசிவம். பிறகு நாற்பது பேரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்: நகம், வெள்ளி.

ஒரே ஒரு பிள்ளைதான் முறையை மீறியது. ஹாதியா என்று பெயர், கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். அவளுடைய முறை வந்தபோது பொன்னுத்தங்கத்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஹாதியா நகத்தைப் பார்க்காமல், "என்னக்கா, மூச்சு முட்டுதா? இன்னொரு தலையணை வைக்கட்டா?" என்று கேட்டுவிட்டாள்.

நல்லசிவம் துடித்துப்போனார். "பதினோரு படியைத் தாண்டிட்டீங்க, தெரியுதா? தலையணை எத்தனாவது படி? சொல்லுங்க, எத்தனாவது படி? பாடத்துல தலையணையே கிடையாது. பூஜ்யம்!"

முதல் வியாழக்கிழமை மதுரை டாக்டர் பலூனோடு வந்தார். மாதத் தேர்வு இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். அடுத்த வியாழன் மாதிரித் தேர்வு. அதற்கடுத்த வாரம் டெல்லியிலிருந்து ஆய்வுக்குழு வந்தது. கல்லூரிக்கு அங்கீகாரம் வேண்டுமென்றால் வார்டில் நல்ல நல்ல நோயாளிகள் இருந்தாக வேண்டுமாம். அன்றைக்குப் பொன்னுத்தங்கத்துக்குப் புதுப் போர்வை, தலைமாட்டில் பூங்கொத்து. குழு உறுப்பினர்கள் மூன்று பேரும் வரிசையாகக் கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். கல்லூரித் தாளாளர் ஒச்சப்பன், முன்னாலே செங்கல் சூளை வைத்திருந்தவர், தானும் கேட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். குழாயைத் திருப்பி மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார்.

"பேஷ்," என்றார். "சரக்கு நல்லா இருக்கு டாக்டர். இந்த மாதிரி இன்னும் பத்து இறக்கிப் போடுங்க."

ஆரம்பத்தில் ஊர்க்காவலனுக்குப் பெருமை தாங்கவில்லை. வேனில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொன்னான். "டெல்லியில இருந்து பிளேன்ல வந்து கேட்டுட்டுப் போறாகய்யா, சும்மாவா? நம்ம ஊர்ல யாருக்கு இருக்கு இந்தச் சத்தம்?" புதுப்பட்டியிலிருந்து ஒரு கூட்டம் அவளைப் பார்க்க வந்தது. அதில் இரண்டு பெண்கள் தங்கள் நெஞ்சிலும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றதும் முகம் தொங்கித் திரும்பினார்கள்.

இதற்கிடையில் பொன்னுத்தங்கத்துக்கு ஒரு நல்லது நடந்தது. சின்ன டாக்டர் மனசு கேட்காமல், துடிப்பை நிதானப்படுத்துகிற மாத்திரை ஒன்றைக் கொடுத்துவந்தார். அவளுக்கு இளைப்பு குறைந்தது, இரண்டு தலையணையில் தூங்கினாள். நல்லசிவம் வந்து நெஞ்சில் குழாயை வைத்தவர் முகம் வெளுத்துப்போனார்.

"சத்தம் குறைஞ்சிருக்கே! யார் செஞ்ச வேலை இது?"

சின்ன டாக்டர் ஒத்துக்கொண்டார். நல்லசிவம் அவரைத் திட்டவில்லை, பொறுமையாகப் புத்தி சொன்னார். "தம்பி, நோயாளிக்குச் சுகமும் முக்கியம், மாணவர்களுக்குச் சத்தமும் முக்கியம். நான் மறுக்கலை. ஆனா சுகம் எந்த ஆஸ்பத்திரியிலயும் கிடைக்கும். இந்தச் சத்தம் கிடைக்குமா? யோசிக்கணும்."

மாத்திரையை நிறுத்தினார்கள். சத்தம் திரும்பி வந்தது, இளைப்பும் கூடவே வந்தது. அப்படியும் பின்வரிசை மாணவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று புகார். ஓடிவிட்டு வந்து படுத்தால் உறுமல் கூடும் என்று பாடத்தில் இருந்தது. ஆகவே தினமும் காலையில் பொன்னுத்தங்கம் மாடிப்படியில் இருபது படி ஏறி இறங்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாய் இளைக்கிற மாதிரி இளைத்து வந்து கட்டிலில் விழுவாள், நாற்பது குழாய்களும் அவளை நோக்கி நீளும். "அருமை, அருமை," என்பார் நல்லசிவம். "அம்மா, பேசாதீங்க. மூச்சு விடாதீங்க."

ஆடி மாதம் கல்லூரியில் விழா வைத்தார்கள். பொன்னுத்தங்கத்தை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். நல்லசிவம் கண் கலங்கப் பேசினார்.

"இந்தத் தாய் நம் கல்லூரியின் சொத்து. இப்படி ஒரு சத்தத்தை நான் இருபது வருடமாகத் தேடினேன். இன்று சிலர் கேட்கிறார்கள், ஏன் இன்னும் பலூன் ஊதவில்லை என்று. ஊதலாம். ஒரு மணி நேரத்தில் ஊதலாம். ஊதி அழித்துவிட்டு நாளைய மருத்துவர்களுக்கு நான் எதைக் கொடுப்பேன்? ஒரு நோயாளியைக் குணப்படுத்துவது எந்த டாக்டராலும் முடியும். ஒரு நோயாளியைப் பாதுகாப்பதுதான் கடினம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பொன்னுத்தங்கமும் தட்டினாள். என்ன பேசினார் என்று அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை, மேடைப்படி ஏறிய மூச்சே இன்னும் அடங்கவில்லை. கூட்டத்தில் நின்றிருந்த ஊர்க்காவலன்தான் தட்டவில்லை. அவன் வேன் ஓட்டுகிறவன், வண்டி எஞ்சின் இழுக்கிற இழுப்பு அவனுக்குத் தெரியும். "ஏத்தா, நீ வந்ததைவிட மோசமா இருக்கியே," என்றான் கீழே இறங்கி வந்தவளிடம். அவன் முகத்தில் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பயம் தெரிந்தது.

"பரீட்சை முடியட்டும்னாகளே?"

"எந்தப் பரீட்சை? மூணு முடிஞ்சு போச்சே!"

மறுநாள் வார்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் ஹாதியாவைக் கூப்பிட்டாள். "அம்மாடி, என் அட்டையில என்னதான் எழுதியிருக்காக? கொஞ்சம் வாசியேன்."

ஹாதியா கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்தாள். வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள்.

"சொல்லு தாயி."

"அக்கா... பெரிய பரீட்சை அடுத்த திங்கக்கிழமை. அதோட முடியலை. 'பாதுகாக்கப்பட வேண்டிய நோயாளி. 2010ஆம் ஆண்டுத் தேர்வு வரை சிகிச்சை தவிர்க்கவும்'னு எழுதியிருக்கு. கீழே சார் கையெழுத்து."

பொன்னுத்தங்கம் விரல் விட்டு எண்ணினாள். இன்னும் மூன்று வருடம். மாரிசெல்வி பதினொன்றாவது படிப்பாள். அதுவரைக்கும் தான் இருந்தால்தானே? அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. அன்றைக்கு நல்லசிவம் கேட்டிருந்தால் இன்னொரு சட்டி கேசரி கிண்டியிருப்பார்.

"நான் என்ன இவுகளுக்கு ரேடியோப் பெட்டியா?" என்றாள். "செத்தா பாடத்தை என்ன பண்ணுவாகளாம்?"

"நான் சார்கிட்ட கேக்கேன் க்கா," என்றாள் ஹாதியா.

"நீ கேட்டா உனக்கு இன்னொரு பூஜ்யம் போடுவாரு. சும்மா இரு."

புதுப்பட்டிப் பெண்களுக்கு ஒரு சங்கதி பிறவியிலேயே தெரியும். மாசி, பங்குனியில் முதலாளியிடம் எதைக் கேட்டாலும், "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். தீபாவளி சீசனில், வடக்கே போகிற லாரி லோடுக்காக வாசலில் வந்து நிற்கும் பாருங்கள், அன்றைக்குக் கேட்க வேண்டும். பொன்னுத்தங்கத்தின் கம்பெனியில் குடிதண்ணீர்த் தொட்டி அப்படித்தான் வந்தது. பெண்கள் அறுபது பேரும் பாதிச் சரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சத்தம் போடவில்லை, கோஷம் போடவில்லை. பொழுது சாய்வதற்குள் தொட்டி வந்து இறங்கியது. சொர்ணக்கிளிக்கு லாரி வருவது திங்கட்கிழமை என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. பீவி ஜானிடமும் கோட்டைச்சாமியிடமும் மெல்லப் பேசினாள்.

திங்கட்கிழமை காலை சென்னையிலிருந்து தேர்வாளர் தனுஷ்கோடி வந்து இறங்கினார். பெரிய டாக்டர். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர். விதி கறாரானது: பத்து மணிக்குத் தேர்வு தொடங்க வேண்டும். மூன்று இருதய நோயாளிகள் வேண்டும். தவறினால் தேர்வு ரத்து, நாற்பது பேருக்கும் ஒரு வருடம் போச்சு, கல்லூரியின் அங்கீகாரமும் போச்சு. கட்டில் மூன்றையும் பெரிய ஹாலில் போட்டுத் திரை கட்டியிருந்தார்கள். ஒச்சப்பன் பட்டுவேட்டியில் வந்திருந்தார்.

பத்து அடித்தது. முதல் மாணவன் ஒன்பதாம் கட்டிலின் வலப்பக்கம் போய் நின்றான். "அம்மா, வணக்கம். உங்க கையைக் காட்டுங்க."

பொன்னுத்தங்கம் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "காட்ட மாட்டேன் தம்பி," என்றாள், ரொம்பப் பிரியமாக.

மாணவன் திகைத்தான். கை இல்லாமல் நகம் இல்லை. நகம் இல்லாமல் நாடி இல்லை. நாடி இல்லாமல் நெஞ்சுக்குப் போக முடியாது. ஐந்து வருடப் படிப்பில் இதற்கு ஒரு வழி சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் எட்டாம் கட்டிலுக்குப் போனான். பீவி ஜான் முந்தானைக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கழுத்து மட்டும் திடும் திடும் என்று துள்ளியது. பத்தாம் கட்டிலில் கோட்டைச்சாமி கைகளைத் துண்டால் மூட்டையாகக் கட்டிவைத்திருந்தார்.

நல்லசிவம் பறந்து வந்தார். "என்னம்மா இது விளையாட்டு? ஹார்லிக்ஸ் வேணுமா? பிஸ்கட்?"

"பலூன் வேணும் சார். எந்த வியாழக்கிழமைன்னு தேதி போட்டு எழுதிக் குடுங்க. இவுக ரெண்டு பேருக்கும் என்ன வைத்தியமோ அதுக்கும் தேதி போடுங்க. கையைத் தாரேன்."

"இது மருத்துவ அறிவியலுக்கு எதிரான குற்றம்!"

"இருக்கட்டும் சார்."

"நீங்க எங்க சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கீங்க!"

"நீங்க எங்க சத்தத்தைக் கேட்டிருக்கீகல்ல," என்றாள் பீவி ஜான் பக்கத்துக் கட்டிலில் இருந்து.

தனுஷ்கோடி கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து பதினைந்து. டாக்டர் நல்லசிவம், பத்தரைக்குள் ஒரு நோயாளியாவது படுக்கவில்லை என்றால் நான் ரத்து என்று எழுதிவிட்டு அடுத்த ரயிலுக்குப் போய்விடுவேன்."

ஒச்சப்பன் நல்லசிவத்தின் காதோரம் குனிந்தார். "யாராவது படுங்களேன்யா. நீங்களே படுங்க. உங்களுக்கும் நெஞ்சு இருக்குல்ல?"

வேறு வழி? நல்லசிவம் சட்டையைக் கழற்றிவிட்டுக் ஹாலின் ஓரத்தில் காலியாகக் கிடந்த இன்னொரு கட்டிலில் ஏறிப் படுத்தார். "ஆரோக்கியமான இருதயத்தை ஆரோக்கியம் என்று சொல்லத் தெரிவதும் திறமைதான்," என்று தனுஷ்கோடியிடம் விளக்கம் வேறு சொன்னார். "கூப்பிடுங்க, அடுத்த எண் யாரு?"

அடுத்த எண் ஹாதியா. நல்லசிவம் கட்டிலில் கிடந்தபடியே அவளை முறைத்தார். அவள் வலப்பக்கம் நின்றாள். நகம் பார்த்தாள், நாடி பார்த்தாள், ஒரு படியும் தாண்டவில்லை. கால்மாட்டில் முட்டி போட்டாள். விலா எலும்பை எண்ணுவதற்குச் சதைக்குள் ரொம்பத் தேட வேண்டியிருந்தது. கடைசியில் குழாயை வைத்தாள். எடுத்தாள். உதறிவிட்டு மறுபடி வைத்தாள்.

"சார்... ஒரு உறுமல் இருக்கு."

"கிடையாது!" என்றார் நல்லசிவம். "தப்பு. இருபத்தெட்டு வருஷம் நான் கேட்டிருக்கேன்."

"உங்களுதையா சார்?" என்றாள் ஹாதியா.

யோசித்துப் பார்த்தால், நல்லசிவம் தன் நெஞ்சில் ஒருநாளும் குழாயை வைத்ததில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று லிப்டில் போவார், பழியைச் சோற்றின்மேல் போட்டுவிடுவார்.

தனுஷ்கோடி முன்னால் வந்தார். "இடப்பக்கம் திரும்புங்க. மூச்சை வெளியே விடுங்க. அப்படியே நிறுத்துங்க." கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நல்லசிவத்துக்கு முகம் சிவந்து, காது சிவந்து, கண் பிதுங்கியது.

"ஆகா!" என்றார் தனுஷ்கோடி. "இந்தப் பொண்ணு சொன்னது சரி. சத்தம் மிக லேசு, ஆனால் கதவுச் சுருக்கம்தான். இது கிடைப்பதே அரிது! மற்ற மாணவர்களை வரச் சொல்லுங்க."

"சார், எனக்கு..." என்று எழப்போனார் நல்லசிவம்.

"நோயாளி நடுவில் பேசக்கூடாது," என்றார் தனுஷ்கோடி.

வரிசை கட்டி வந்தார்கள். நல்லசிவத்தின் நகத்தைப் பார்த்தார்கள், கண்ணிமையை இழுத்தார்கள், ஒருவன் கோணமானியை வைத்துக் கட்டிலைச் சாய்த்தான். எட்டாவது மாணவனுக்குச் சத்தம் கேட்கவில்லை. "லேசான சத்தம், கொஞ்சம் கூட்டித்தான் கேட்க வேண்டும்," என்றார் தனுஷ்கோடி. "ஐயா, இருபது படி ஏறி இறங்கி வாங்க."

பனியனோடு நல்லசிவம் படியேறினார். வார்டில் இருந்தவர்கள், ஆயாக்கள், கேண்டீன் மாஸ்டர் எல்லோரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர் தள்ளாடி வந்து விழுந்தபோது சத்தம் கணீரென்று இருந்ததாம், மாணவர்களே சொன்னார்கள்.

"சார், இதுக்கு உடனே வைத்தியம் பாக்கணும், இல்லையா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் நல்லசிவம். "எப்ப பாக்கலாம்?"

"பார்க்கலாம், அதற்கென்ன?" என்றார் தனுஷ்கோடி. "முதலில் பரீட்சை முடியட்டும். இன்னும் முப்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். மற்ற நோயாளிகள் யாராவது கையைக் காட்டினால் உங்களை விட்டுவிடுகிறேன்."

நல்லசிவம் படுத்தபடியே தலையைத் திருப்பி ஒன்பதாம் கட்டிலைப் பார்த்தார். பொன்னுத்தங்கம் அக்குளில் கைகளோடு அமைதியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. தொட்டி வந்து இறங்குமுன்னே கையை எடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

"பேப்பர்... பேப்பர் கொண்டாங்க," என்றார் நல்லசிவம்.

அவர் வயிற்றின்மேல் காகிதத்தை வைத்து மூன்று உத்தரவு எழுதினார். பொன்னுத்தங்கம், இந்த வியாழன். பீவி ஜான், மதுரைக்கு ஆம்புலன்சில், நாளை. கோட்டைச்சாமிக்கு நீர் இறங்குகிற மருந்து, இன்றே. அட்டையில் இருந்த 2010ஐ அடித்துவிட்டுச் சுருக்கொப்பமும் போட்டார். ஹாதியா சத்தமாக வாசித்தாள். தனுஷ்கோடி சாட்சிக் கையெழுத்துப் போட்டார், ஒச்சப்பன் முத்திரை குத்தினார்.

பொன்னுத்தங்கம் அக்குளிலிருந்து கையை எடுத்து நீட்டினாள். "இந்தா தம்பி, பாத்துக்கோ. நகம் வெள்ளி. நாடி எழுவத்தெட்டு. அங்கன இல்ல, அஞ்சாவது எலும்புக்குக் கீழ வையி. குழாயில மணி மாதிரி இருக்கதை வச்சுக் கேளு, பட்டையா இருக்கதை வைக்காத." அன்றைக்கு ஒன்பதாம் கட்டிலுக்கு வந்த முப்பத்திரண்டு பேரும் பாஸ். ஹாதியாதான் முதல் மதிப்பெண்.

வியாழக்கிழமை மதுரை டாக்டர் வந்து பலூனை ஊதினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஐம்பது நிமிடம். மறுநாள் அவள் தலையணையே இல்லாமல் மட்டமாகப் படுத்துத் தூங்கினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்த ஊர்க்காவலன் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதான், அவனுக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பொன்னுத்தங்கம் லிப்டைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், படியிலேயே ஏறினாள். மூன்றாம் மாடியில் நல்லசிவம் இருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார், முகம் தெளிவாக இருந்தது. முறைப்படி நகம் பார்த்து, நாடி பார்த்து, நெஞ்சில் குழாயை வைத்தார். இடப்பக்கம் திருப்பினார். மூச்சை நிறுத்தச் சொன்னார். அங்குலம் அங்குலமாகத் தேடினார்.

"ஒண்ணுமே இல்லையேம்மா," என்றார். குழாயைக் காதிலிருந்து கழற்றினார். "சுத்தமாப் போச்சே."

"போகட்டும் சார். உங்களுக்கு இருக்குல்ல? அடுத்த பேட்சுக்கு அது போதாதா?"

நல்லசிவம் கதவுப்பக்கம் பார்த்தார். மாணவர்கள் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்தார்.

"வெளியில சொல்லிறாதீங்கம்மா. பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே நான் மதுரைக்குப் போயிட்டேன். மறுநாளே ஊதிட்டாங்க."

"நம்ம ஆஸ்பத்திரிக்குத்தான் வியாழக்கிழமை வாராரே, அந்த டாக்டரு? எதுக்கு அம்புட்டுத் தூரம் போனீக?"

"இல்லம்மா," என்றார் நல்லசிவம், இன்னும் குரலைத் தாழ்த்தி. "மாணவர்களே இல்லாத ஆஸ்பத்திரியா விசாரிச்சுப் போனேன்."

பொன்னுத்தங்கத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வராந்தாவில் சிரித்தாள், மூன்று மாடி இறங்குகிற வரைக்கும் சிரித்தாள், வாசலில் வேனோடு காத்திருந்த ஊர்க்காவலன், "ஏ புள்ள, மெதுவா, மெதுவா, மூச்சு வாங்கப் போகுது!" என்று பதறி ஓடிவந்தான். அவள் அதற்கும் சிரித்தாள். மூச்சு வாங்கவே இல்லை.